அம்மிச்சி அரைக்கும் சீமை அகத்தி பூஞ்சையைக் கொல்லுமா?

திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நாலு மாதமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் வாங்கிய ட்யூபைப் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வருகிறது. காங்கேயம் பக்கம் இருக்கும் அவருடைய அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி), சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துத் தருகிறார். வைத்தால் சுரீர் என்று எரிகிறது, அப்புறம் அரிப்பு நின்றுவிடுகிறது. "அந்த இலையில் இருப்பது நிஜமாகவே பூஞ்சையைக் கொல்கிறதா, இல்லை எரிச்சலில் அரிப்பு மறந்துபோகிறதா?" என்பது கேள்வி.

இரண்டும் நடக்கிறது தம்பி. ஆனால் எது எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். நான் மருத்துவன் இல்லை. ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபது வருசத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், வீட்டில் பவானி பக்கம் மஞ்சள் காடு உண்டு. பூஞ்சையை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோளக்காட்டுக்கு வாங்க. நாலு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்து வெயில் அடித்த பிறகு ஒரு சோளத் தோகையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். சீக்கு வந்துவிட்டது என்போம், பாதி சரி. மீதிப் பாதி, அந்தச் சிவப்பே சோளத்தின் ஆயுதம். பூஞ்சையின் வித்து ஈரத்தில் முளைத்துத் தோகையின் மேல்தோலைக் குத்தி உள்ளே நுழையப் பார்க்கும்போது, நுழைகிற இடத்துக்கு நேர் கீழே இருக்கும் செல்லுக்குள் குட்டிக் குட்டியாகக் குமிழ்கள் உருவாகின்றன, முதலில் நிறமில்லாமல், அப்புறம் ஆரஞ்சாக, அப்புறம் சிவப்பாக. அவை அந்த ஓட்டை விழும் இடத்தை நோக்கி நகர்ந்து போய் அங்கே வெடிக்கின்றன. உள்ளே இருந்த நிறமிதான் நஞ்சு, பூஞ்சையும் சாகும், அந்தச் செல்லும் கூடவே சாகும். ஒரு குடிசை தீப்பிடித்தால் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போட்டுத் தீ பரவாமல் நிறுத்துவார்களே, அதே கணக்கு.

இப்படிப் பூஞ்சை வந்து தொட்ட பிறகு செடி அவசரமாகத் தயாரிக்கும் பொருட்களுக்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர். ஜெர்மனியில் முல்லர், போர்கர் என்ற இருவர் உருளைக்கிழங்கை வைத்துச் செய்த சோதனைகளில் இருந்து 1940இல் இந்தக் கருத்து வந்தது. நிலக்கடலையும் இதைச் செய்கிறது, அதன் ஆயுதம் ரெஸ்வெரட்ரால், திராட்சைத் தோலில் இருப்பதாக விளம்பரத்தில் சொல்கிறார்களே அதே பொருள். செடிக்கு ஓடத் தெரியாது, நம்மைப் போல ரத்தத்தில் வெள்ளையணுவும் கிடையாது. அதற்கு நோய் கொண்டுவருகிறவர்களில் பெரும் கூட்டம் பூஞ்சைதான். அதனால் கோடிக்கணக்கான வருசமாக பெரும்பாலும் வேதியியலை நம்பிச் சண்டை போட்டு வந்திருக்கிறது. ஆகவே செடியில் பூஞ்சைக்கு எதிரான சரக்கு இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம், ஏராளமாக இருக்கிறது.

இன்னொரு வகைச் செடிகள் மருந்தை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். பூண்டைப் பாருங்கள். முழுப் பல்லை மோந்தால் பெரிதாக வாசம் இல்லை, நசுக்கினால்தான் மூக்கைத் துளைக்கும். காரணம், அல்லின் என்ற சாதுவான பொருள் ஒரு அறையிலும், அதை வெட்டும் அல்லினேஸ் என்ற நொதி வேறு அறையிலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பல் நசுங்கினால் சுவர் உடைந்து இரண்டும் கலந்து சில நொடிகளில் அல்லிசின் ஆகிவிடுகிறது. 1944இல் தனியே பிரித்தெடுத்தார்கள். அல்லிசின், பூஞ்சையின் புரதங்களில் இருக்கும் கந்தகக் கொக்கிகளில் போய் மாட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுத்துவிடும்.

மாணவர்களுக்கு வருசாவருசம் ஒரு சோதனை வைப்பேன். கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையைத் தட்டு முழுக்கத் தடவி, நடுவில் நாலு குழி வெட்டுவோம். ஒன்றில் அப்போது நசுக்கிய பூண்டுச் சாறு, ஒன்றில் வேகவைத்து நசுக்கிய பூண்டு, ஒன்றில் கிராம்பு எண்ணெய், ஒன்றில் கடையில் வாங்கிய மஞ்சள் தூளைக் கரைத்த தண்ணீர். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் தட்டு முழுக்கத் தயிர் ஆடை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருக்கும். பச்சைப் பூண்டைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தெளிவான வட்டம். வேகவைத்ததைச் சுற்றி ஒன்றும் இருக்காது, சூட்டில் நொதி செத்துப்போகும், அல்லிசின் பிறக்காது. கிராம்பு எண்ணெய் வட்டம் பெரிசு. மஞ்சள் தண்ணீரைச் சுற்றி? மஞ்சளாக ஒரு கறை, அதன் மேலேயே பூஞ்சை ஜம்மென்று வளர்ந்திருக்கும். ஈரோட்டுப் பிள்ளைகள் முகத்தில் அப்போது ஒரு வருத்தம் தெரியும் பாருங்கள், சொந்தக்காரன் பரீட்சையில் ஃபெயிலானது மாதிரி.

மஞ்சள் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் பூஞ்சையைக் கொல்வது ஏன் கஷ்டம் என்று ஒரு வார்த்தை. பாக்டீரியா நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம், அதன் உடம்பு வேறு மாதிரி, அதனால் நம்மைத் தொடாமல் அதை மட்டும் அடிக்க எத்தனையோ இடம் கிடைக்கும். பூஞ்சை அப்படி இல்லை, பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் வம்சாவளியில் செடியைவிட நமக்குத்தான் நெருங்கிய பங்காளி. அதை அடித்தால் நமக்கும் வலிக்கும். தெளிவாக வித்தியாசப்படும் இடம் இரண்டுதான். அதன் செல்லைச் சுற்றிக் கைட்டினும் குளுக்கானும் கலந்து கட்டிய மதில் இருக்கிறது, நமக்கு இல்லை. மதிலுக்கு உட்பக்கச் சவ்வில் நமக்குக் கொலஸ்டெரால் இருக்கும் இடத்தில் அதற்கு எர்கோஸ்டெரால் இருக்கிறது. ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல், டெர்பினஃபைன் என்று டாக்டர் எழுதுவதெல்லாம் இந்த எர்கோஸ்டெராலைச் செய்யவிடாமல் தடுப்பவை.

செடிப் பொருட்கள் என்ன செய்கின்றன? ஓமத்தில் இருக்கும் தைமால், கிராம்பில் இருக்கும் யூஜெனால் இரண்டும் எண்ணெயில் கரைகிற சின்ன மூலக்கூறுகள், சவ்வுக்குள் சுலபமாகப் புகுந்து அதை இளக்கிவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஒழுகும், செல் வற்றிச் சாகும். சில செடிகளின் சபோனின்கள், கையில் தேய்த்தால் நுரைக்குமே பூந்திக்கொட்டை, அந்த இனம், சவ்வில் இருக்கும் ஸ்டெராலைப் பிடித்து ஓட்டை போடும். மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் இன்னொரு வழி. பொதுவாகப் பார்த்தால் இவை ஒரே இடத்தில் குறி வைத்து அடிப்பவை இல்லை, ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் முட்டுபவை. அது நல்லது, பூஞ்சைக்குத் தப்பிக்கக் கற்றுக்கொள்வது சிரமம். அதே குணம்தான் கெட்டதும், ஏனென்றால் நம் தோலின் செல்லுக்கும் சவ்வு இருக்கிறது. எரிகிறது என்றீர்களே, அந்த எரிச்சலில் ஒரு பங்கு இதுதான்.

சரி, மஞ்சள். தாய்லாந்து ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. படர்தாமரை உண்டாக்கும் பூஞ்சைகளில் 15 மாதிரிகளை எடுத்து, மஞ்சளில் இருந்து வடித்த எண்ணெயையும் தனியே எடுத்த குர்குமினையும் சோதித்தார்கள். எண்ணெய் 15ஐயும் அடக்கியது. குர்குமின் ஒன்றைக்கூட அடக்கவில்லை. குர்குமின் என்பது மஞ்சளின் நிறம், எண்ணெய் என்பது மஞ்சளின் வாசம். ஈரோடு மார்க்கெட்டில் விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்து விலை சொல்கிறோம், 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம், குர்குமின் எத்தனை சதவீதம் என்று பெருமை பேசுகிறோம், ஆனால் படர்தாமரை விஷயத்தில் வேலை செய்வது நாம் கண்டுகொள்ளாத வாசம். அதிலும் கிழங்கைத் தோண்டி, வேகவைத்து, வாரக்கணக்கில் களத்தில் காயவைத்து, டிரம்மில் போட்டுப் பாலீஷ் பண்ணி, மில்லில் சூடேற அரைத்து, பாக்கெட்டில் ஒரு வருசம் வைத்த பிறகு அந்த வாசத்தில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பாருங்கள். என் தட்டில் மஞ்சள் தண்ணீர் தோற்றதில் ஆச்சரியம் இல்லை, குர்குமின் தண்ணீரில் கரைவதும் இல்லை. சேற்றுப்புண்ணுக்கு நம் ஆட்கள் பச்சை மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துக் கால் விரல் இடுக்கில் வைப்பார்களே, அதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு ஆயுதம் வைத்திருக்கிற மஞ்சளுக்கே இலைப்புள்ளி வரும், கிழங்கழுகல் வரும். இலைப்புள்ளி அசல் பூஞ்சை. கிழங்கழுகலை உண்டாக்கும் பித்தியம், நுணுக்கமாகப் பார்த்தால் பூஞ்சை இனமே இல்லை, பூஞ்சை வேஷம் போட்ட வேறு கூட்டம். எப்படியோ, தண்ணீர் தேங்கினால் பத்தே நாளில் பாத்தி பாத்தியாக மஞ்சளித்துச் சாய்ந்துவிடும், பிடுங்கினால் கிழங்கு கொழகொழவென்று கையோடு வரும். அப்போது நாங்கள் காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றுகிறோம், இல்லாவிட்டால் ட்ரைக்கோடெர்மாவைத் தொழுவுரத்தில் கலந்து போடுகிறோம். நாம் பூஞ்சைக்கு மஞ்சளைப் பூசுகிறோம், மஞ்சளுக்குப் பூஞ்சையையே பூசுகிறோம், ஏனென்றால் ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். ஆயுதம் இருந்தால் மட்டும் போதாது, எதிராளியும் பழகிக்கொள்கிறான் என்பதற்காகச் சொன்னேன். தக்காளிச் செடி தயாரிக்கும் டொமாட்டினை, தக்காளியைத் தாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை ஒரு நொதி விட்டு உடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறது.

இனி உங்கள் தொடைக்கு வருவோம். தட்டில் வட்டம் விழுவது ஒன்று, தோலில் நோய் போவது வேறு. செடி தன் மருந்தை ஒரு செல்லுக்குள், பூஞ்சை நுழையும் அந்தப் புள்ளியில், கெட்டியாகக் கொட்டுகிறது. நமக்கோ அது தோலின் இறந்த மேலடுக்கு முழுக்க ஊறி இறங்கி, வாரக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். படர்தாமரைப் பூஞ்சை குடியிருப்பது அந்த அடுக்கில்தான், அதில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றுகொண்டு. வாசனை எண்ணெய்கள் சீக்கிரமே ஆவியாகிவிடும், அல்லிசின் தானாகவே சிதைந்துபோகும்.

இதை ஆஸ்திரேலியாவில் 1992இல் அழகாகக் காட்டினார்கள். கால் விரல் இடுக்கில் பூஞ்சை இருந்த 104 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 சதவீதம் டீ ட்ரீ எண்ணெய் (அந்த நாட்டு மரம் ஒன்றின் இலையில் வடிக்கும் வாசனை எண்ணெய்) கலந்த களிம்பு, ஒன்றுக்கு டால்னாஃப்டேட் மருந்து, ஒன்றுக்கு வெறும் களிம்பு. அரிப்பும் செதிலும் குறைந்ததில் டீ ட்ரீ எண்ணெய் மருந்துக்குச் சமமாக நின்றது. ஆனால் தோலைச் சுரண்டிப் பூஞ்சை போய்விட்டதா என்று பார்த்தால், மருந்து போட்டவர்களில் 85 சதவீதம் பேருக்குப் போயிருந்தது, எண்ணெய் போட்டவர்களில் 30 சதவீதம், வெறும் களிம்பில் 21. அதாவது எண்ணெய் போட்டவர்களில் நிறையப் பேருக்கு அரிப்பு நின்றது, பூஞ்சை நிற்கவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. அதே எண்ணெயை 25, 50 சதவீதமாக ஏற்றி 2002இல் செய்தபோது நிலைமை தேறியது, 64 சதவீதம் பேருக்குக் குணம், எண்ணெய் கலக்காத வெறும் கரைசலில் 31. வெனிசுவேலாவில் பூண்டில் இருந்து கிடைக்கும் அஜோயீனை 0.4 சதவீதக் களிம்பாக்கி 34 பேருக்குக் கொடுத்து 1996இல் எழுதினார்கள், ஏழு நாளில் 27 பேருக்குக் குணம். ஒப்பிட வேறு பிரிவு வைக்கவில்லை என்பது அதில் குறை. பிரித்து, அளந்து, தோலில் தங்குகிற களிம்பாக்கினால் செடிச் சரக்கு வேலை செய்கிறது, அம்மியில் அரைத்தால் ஒரு நாள் செய்யும், ஒரு நாள் செய்யாது.

அளந்து எடுத்து மருந்துக் கடை அலமாரிக்கே வந்துவிட்டவை நமக்குத் தெரியாமலே இருக்கின்றன. மஞ்சள் காட்டில் நிழலுக்கு வரப்பில் ஊன்றுவோமே கொட்டமுத்து, அந்த விளக்கெண்ணெயை மிக அதிகச் சூட்டில் உடைத்தால் அன்டெசிலெனிக் அமிலம் கிடைக்கும், சேற்றுப்புண் பவுடர்களில் பல காலமாக இருப்பது அதுதான். (விளக்கெண்ணெயையே தடவினால் அந்தப் பலன் வராது, எண்ணெயில் அந்த அமிலம் இல்லை, உடைத்தால்தான் பிறக்கிறது.) விட்ஃபீல்டு களிம்பு என்று ஒன்று, 6 சதவீதம் பென்சோயிக் அமிலமும் 3 சதவீதம் சாலிசிலிக் அமிலமும். பென்சோயிக் அமிலத்தை முதலில் எடுத்தது சாம்பிராணியில் இருந்து. அது பூஞ்சையை வளரவிடாமல் பிடிக்கும், சாலிசிலிக் அமிலம் மேல்தோலை உரித்து, பூஞ்சை குடியிருக்கும் அடுக்கையே கழற்றிவிடும். கொஞ்சம் எரியும், மலிவு, நூறு வருசத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மிச்சியின் சீமை அகத்தி இந்த விட்ஃபீல்டு பக்கம்தான் வரும். அதன் இலையில் கிரைசோஃபனால், ரெயின், அலோ எமோடின் என்று ஆந்த்ராகுவினோன் குடும்பமே இருக்கிறது, படர்தாமரைப் பூஞ்சைகளை ஆய்வகத்தில் அடக்குவது உண்மை. எலுமிச்சைச் சாற்றின் அமிலம் தோலை உரிக்கும். அதனால் அம்மிச்சி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் இலை முற்றலா கொழுந்தா, எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்து மருந்தின் அளவு தினமும் மாறும். தொடை இடுக்கு மெல்லிய தோல், வேர்வையும் உரசலும் வேறு, அங்கே எலுமிச்சை போட்டு அரைத்ததை வைத்தால் புண்ணாகும். கையிலோ முதுகிலோ ரூபாய் அளவுக்கு ஒன்று வந்தால் வைத்துப் பாருங்கள் என்பேன், இடுக்கில் வேண்டாம். பச்சைப் பூண்டை வைத்துக் கட்டவே கட்டாதீர்கள், தீக்காயம் மாதிரிக் கொப்புளம் போடும். கொடிவேலி வேர் இன்னும் மோசம், அதில் இருக்கும் பிளம்பாஜின் பூஞ்சைக்கு எமன்தான், எங்கள் ஊரில் ஒருவர் அரைத்து வைத்து, படை போய்விட்டது, தோலும் கூடவே போய்விட்டது.

உங்கள் அசல் பிரச்சினை இலையில் இல்லை, அந்த ட்யூபில் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். இரண்டே நாளில் அடங்கி, விட்டால் அகலமாக வருகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அட்டையில் குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சையோடு சண்டை போடும் உங்கள் உடம்பின் கையைக் கட்டிவிடும். சண்டை நின்றால் சிவப்பும் அரிப்பும் நிற்கும், பூஞ்சை சாவகாசமாகப் பரவும். 2018இல் மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தும் கடைகளில் கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. போதாக்குறைக்கு நம் நாட்டில் இப்போது பரவும் பூஞ்சையே வேறு. 2020இல் ஜப்பானில் அதைத் தனி இனமாகப் பிரித்து, நம் நாட்டின் பெயரையே சேர்த்து ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று வைத்தார்கள். அதில் நிறைய வகைகளுக்கு டெர்பினஃபைன் மசியாது.

ஆகவே தோல் மருத்துவரிடம் போங்க. ட்யூபையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், சீமை அகத்தி வைத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். வட்டத்தின் ஓரத்தில் சுரண்டி எடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்துவிடும், பெரிய செலவில்லை. போவதற்கு முதல் நாள் எதையும் பூசாதீர்கள். மாத்திரை கொடுத்தால் தோல் சுத்தமான பிறகும் அவர் சொல்லும் நாள்வரை சாப்பிடுங்கள். பட்டறையில் ஈரத் துணியோடே நாள் முழுக்க நிற்காமல் மாற்று ஒன்று கொண்டுபோங்கள், வீட்டில் துண்டைத் தனியாக வையுங்கள், வேறு யாருக்காவது வந்திருந்தால் அவர்களும் கூடவே வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக்கொண்டே இருப்பீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தேமல் உண்டாக்கும் மலசீசியா எண்ணெயைத் தின்று வாழும் பூஞ்சை, ஆய்வகத்தில் அதை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவோம், அதனால் தேமலுக்கும் பொடுகுக்கும் எண்ணெய் தேய்ப்பது விருந்து வைப்பது மாதிரி. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அப்புறம் கண். சோளத்தட்டு அறுக்கும்போதோ நெல் அடிக்கும்போதோ தோகையோ உமியோ கண்ணில் கீறினால், அதில் ஒட்டியிருக்கும் பூஞ்சை கருவிழியில் இறங்கிப் புண்ணாகும், நம் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பார்வை போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று எதுவும் ஊற்ற வேண்டாம். அதற்கு நட்டாமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுங்கள், அம்மிச்சிக்கும் இதை மட்டும் தவறாமல் சொல்லி வையுங்கள்.